டிஸ்க் 100%: எஸ்எஸ்டிக்குக் காசு கொடுக்கலாமா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுல இருந்து ஆரம்பிக்குது. அனுப்பினது என் சித்தி பொண்ணு, காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறா. "அண்ணா, லேப்டாப்ப ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாக்கூட இன்னும் சுத்திட்டே இருக்கு. கடையில காட்டினா, இது பழசும்மா, புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க. அப்பாகிட்ட நாப்பதாயிரம் கேக்கவே பயமா இருக்கு. என்ன பண்றது?"

டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். வந்துச்சு. 2018ல வாங்கின லேப்டாப், எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். சிபியு 12 சதவீதம். மெமரி 60 சொச்சம். டிஸ்க் மட்டும் 100, சிவப்பா. பக்கத்துலயே இன்னொரு எண் இருந்துச்சு, அதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை: நொடிக்கு 1.3 எம்பி. அதாவது டிஸ்க் உயிரைக் கொடுத்து முழு நேரமும் ஓடிக்கிட்டிருக்கு, ஆனா அது கொடுக்கிற தகவல் நொடிக்கு ஒண்ணேகால் எம்பிதான். சுமாரான மொபைல் டேட்டாவே இதைவிட வேகமா வரும்.

இது எப்படி நடக்குதுன்னு புரிஞ்சா, எஸ்எஸ்டிக்குக் கொடுக்கிற காசு எதுக்குன்னு புரிஞ்சிடும். அதனால அதையே முதல்ல பேசிடலாம்.

ஹார்ட் டிஸ்க்குக்குள்ள நிஜமாவே ஒரு தட்டு சுத்துது. லேப்டாப்ல வர்றது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. அந்தத் தட்டைத் தொடாம, சில நானோமீட்டர் உயரத்துல ஒரு ஹெட் மிதந்துகிட்டே இருக்கும். நம்ம தலைமுடியோட தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர்னா, எவ்வளவு நெருக்கம்னு யோசிச்சுக்குங்க. ஒரு ஃபைல் வேணும்னா, முதல்ல ஹெட் சரியான வளையத்துக்கு நகரணும். அப்புறம் நமக்கு வேண்டிய இடம் சுத்தி வந்து ஹெட்டுக்குக் கீழ நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட் ஆகும். அதிர்ஷ்டம் இருந்தா உடனே வந்துடும், இல்லன்னா முழுச் சுற்றும் காத்திருக்கணும். சராசரியா பாதின்னு வெச்சுக்கலாம், அஞ்சரை. ஹெட் நகர்றதுக்கு இன்னொரு பத்து, பன்னிரண்டு. ஆக ஒரு தடவை போய் எடுத்துட்டு வர 16, 17 மில்லிசெகண்ட்.

கேக்கும்போது ரொம்பக் கம்மியா தெரியும். ஆனா கணக்குப் போட்டா நொடிக்கு 60 தடவைதான் போய்ட்டு வர முடியும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்கிறதெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள், ஆயிரக்கணக்குல, தட்டுல அங்கங்க சிதறிக் கிடக்கும். ஒரு துண்டு 4 கேபின்னு வெச்சா, 60 தடவைக்கு மொத்தமே 240 கேபி. சில துண்டு பெருசா இருக்கும், டிஸ்க்கும் வரிசையைக் கொஞ்சம் மாத்திப் போட்டுச் சமாளிக்கும். அப்படி இப்படின்னு ஒரு எம்பி பக்கம் வருது. ஸ்கிரீன்ஷாட்டுல பார்த்த எண் அதுதான்.

அதே டிஸ்க்குல ஒரு சினிமா ஃபைலை காப்பி பண்ணிப் பாருங்க, நொடிக்கு 100 எம்பி அசால்ட்டா வரும். ஏன்னா அது வரிசையா ஒரே இடத்துல இருக்கு. அண்ணாச்சி கடையில 25 கிலோ அரிசி மூட்டை கேட்டா, ஒரே தூக்கு, வேலை முடிஞ்சது. அதே 25 கிலோவை நூறு கிராம் சீரகம், நூறு கிராம் மிளகு, கசகசா, பட்டைன்னு 250 பொட்டலமா கேட்டா? எடை ஒண்ணுதான். ஆனா அண்ணாச்சி ஏணியில ஏறி இறங்கியே சாயங்காலம் ஆகிடும். நம்ம லேப்டாப் நாள் முழுக்க டிஸ்க்கிட்ட கேட்கிறது பொட்டலம்தான், மூட்டை இல்லை.

இன்னொண்ணு சொல்லணும். இந்தத் தட்டும் ஹெட்டும் இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. ஐபிஎம் 1956ல கொண்டுவந்த ராமாக் மெஷின்லயே இதே கதைதான். 24 அங்குல அகலத் தட்டு 50 அடுக்கி, மொத்தமா 3.75 எம்பி கொள்ளளவு. இன்னைக்கு உங்க போன்ல எடுக்கிற ஒரே ஒரு போட்டோ அதுக்குள்ள அடங்கினா பெரிய விஷயம். அதுக்கப்புறம் கொள்ளளவு எங்கேயோ போயிடுச்சு. ஆனா தட்டு சுத்தி வர்றதுக்குக் காத்திருக்கிற அந்த நேரம் மட்டும் அந்த அளவுக்குக் குறையவே இல்லை. சுத்துற பொருளை ஒரு அளவுக்கு மேல வேகமா சுத்த முடியாது, அவ்வளவுதான்.

எஸ்எஸ்டில சுத்த எதுவுமே கிடையாது. ஜப்பான்ல தோஷிபா நிறுவனத்துல வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகாவும் அவர் குழுவும் 1987ல நாண்ட் ஃப்ளாஷ்னு ஒண்ணை அறிமுகப்படுத்தினாங்க. சிலிக்கான்ல கோடிக்கணக்கான குட்டி அறைகள். ஒவ்வொரு அறைக்குள்ளயும் எலெக்ட்ரானைப் பிடிச்சு அடைச்சு வைக்கலாம், கரண்ட் போனாலும் அது வெளியே ஓடாது. எந்த அறையைக் கேட்டாலும் எடுக்கிற நேரம் ஏறக்குறைய ஒண்ணுதான்: ஒரு மில்லிசெகண்டுல பத்துல ஒரு பங்கு, இல்ல அதுக்கும் கம்மி. 17 எங்க, 0.1 எங்க! அண்ணாச்சிக்குப் பதிலா ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு ஆள் நிக்கிற மாதிரி.

சரி, காசுக்கு வருவோம்.

எல்லாரும் ஒரு ஜிபிக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடுறாங்க. அந்தக் கணக்குல ஹார்ட் டிஸ்க் எப்பவும் ஜெயிக்கும். ஆனா பாதிப் பேருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. ஹார்ட் டிஸ்க் எவ்வளவு சின்னதா இருந்தாலும் உள்ளே ஒரு மோட்டார் வேணும், ஹெட் வேணும், தட்டு வேணும், அலுமினியக் கூடு வேணும். அதனால ஒரு விலைக்குக் கீழ அது இறங்கவே இறங்காது. எஸ்எஸ்டில சிப்பைக் குறைச்சா விலையும் குறையும். ரிச்சி ஸ்ட்ரீட்ல போய்ப் புது லேப்டாப் ஹார்ட் டிஸ்க் விலையையும் 256 ஜிபி எஸ்எஸ்டி விலையையும் கேட்டுப் பாருங்க. பெரிய வித்தியாசம் இருக்காது, சில கடையில எஸ்எஸ்டியே கம்மியா இருக்கும். 4 டிபி, 8 டிபின்னு போகும்போதுதான் ஹார்ட் டிஸ்க் பக்கம் தராசு நல்லா சாயும். உங்களுக்கு நிஜமா 8 டிபி வேணுமா? என் தங்கச்சியோட 1 டிபி டிஸ்க்குல நிரம்பியிருந்தது வெறும் 180 ஜிபி. மிச்சம் 800 ஜிபி சும்மா சுத்திக்கிட்டிருந்துச்சு.

விலை நிலையா இருக்கும்னும் நினைக்காதீங்க. 2011ல தாய்லாந்துல வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கினப்போ, உலகம் பூரா ஹார்ட் டிஸ்க் விலை எகிறிச்சு. 2023ல எஸ்எஸ்டி விலை அதலபாதாளத்துல இருந்துச்சு. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்களுக்குன்னு மெமரி சிப்பையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனதால மறுபடி ஏற ஆரம்பிச்சது. அதனால நான் இங்கே ரூபாய்க் கணக்கு சொன்னா நீங்க கேட்கும்போது அது பொய்யாகியிருக்கும். வாங்குற அன்னைக்கு ரெண்டு கடையில கேளுங்க.

என் கருத்து இதுதான். எந்த டிஸ்க்குல விண்டோஸ் ஓடுதோ, அது எஸ்எஸ்டியாத்தான் இருக்கணும். இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. ஆனா எஸ்எஸ்டியிலயே அதிவேகம்னு போட்டிருக்கிறதுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறது பெரும்பாலானவங்களுக்கு வீண். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி. என்விஎம்இ ஜென் 3ன்னா 3,500. ஜென் 4ன்னா 7,000. ஜென் 5 அதையும் தாண்டும். பெட்டியில இருக்கிற இந்த எண் எல்லாம் அரிசி மூட்டைக் கணக்கு. பொட்டலக் கணக்குல இவங்களுக்குள்ள வித்தியாசம் கம்மி. ஹார்ட் டிஸ்க்குல இருந்து சாட்டாவுக்கு வந்தா வீடு மாறின மாதிரி இருக்கும். சாட்டாவுல இருந்து ஜென் 5க்குப் போனா பிரவுசர் திறக்கிறதுல வித்தியாசம் கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச் வேணும். தினமும் 4கே வீடியோ எடிட் பண்றவங்க, பெரிய பெரிய ஃபைலை மாத்திக்கிட்டே இருக்கிறவங்க, உங்களுக்கு இது பொருந்தாது, நீங்க வாங்குங்க.

கேமர்ஸுக்கு ஒரு வார்த்தை. எஸ்எஸ்டி போட்டா கேம் சீக்கிரம் லோடு ஆகும். ஆனா எஃப்பிஎஸ் பெருசா ஏறாது, அது கிராபிக்ஸ் கார்டோட வேலை. அதே மாதிரி 2 ஜிபி ரேம் வெச்ச பழைய செலரான் மெஷினுக்கு எஸ்எஸ்டி போட்டா கொஞ்சம் மூச்சு விடும், ஓடாது. 4 ஜிபிக்குக் கீழ இருந்தா முதல்ல ரேமைப் பாருங்க.

வாங்கும்போது ஆன்லைன்ல 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி ரெண்டாயிரம் ரூபாய்னு வரும். தொடவே தொடாதீங்க. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, கம்ப்யூட்டர்கிட்ட 16 டிபின்னு பொய் சொல்ல வெச்சிருப்பாங்க. ஃபைல் போடும்போது போன மாதிரியே இருக்கும். திறக்கும்போதுதான் ஒண்ணும் இருக்காது. சந்தேகம் இருந்தா எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. டிரைவ் முழுக்க எழுதிப் படிச்சுப் பார்த்து உண்மையைச் சொல்லிடும்.

அப்புறம் எல்லாரும் கேட்கிற பயம்: எஸ்எஸ்டி எழுத எழுதத் தேஞ்சிடுமாமே? ஆமா, தேயும். ஒவ்வொரு தடவை எழுதி அழிக்கும்போதும் அந்த அறையோட சுவர் கொஞ்சம் பலவீனமாகும். அதுக்குத்தான் டிபிடபிள்யூன்னு ஒரு எண் போடுறாங்க, மொத்தம் இவ்வளவு டெராபைட் எழுதலாம்னு. உதாரணத்துக்கு சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு அது 300 டிபி. நீங்க தினமும் 20 ஜிபி எழுதினா வருஷத்துக்கு 7.3 டிபி. 300ஐ எட்ட 41 வருஷம் ஆகும். அதுக்குள்ள அந்த லேப்டாப்போட கீபோர்டு, கீல், பேட்டரி எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். தேய்மானத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க.

கவலைப்பட வேண்டியது வேற விஷயம்.

எனக்கு ஒரு போட்டோகிராஃபர் நண்பர் இருக்கார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புன்னு எல்லாம் எடுப்பார். எடிட்டிங் வேகமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் ஒரே எஸ்எஸ்டில வெச்சிருந்தார். ஒரு காதுகுத்து விசேஷம் எடுத்து முடிச்சு, கார்டுல இருந்து எஸ்எஸ்டிக்கு மாத்தினார். அடுத்த நாள் வேற ஒரு ஃபங்ஷன், அதனால கார்டை ஃபார்மட் பண்ணிட்டார். ரெண்டு நாள் கழிச்சு கம்ப்யூட்டரை ஆன் பண்றார், அந்த டிரைவே இல்லை. சத்தம் இல்லை, எச்சரிக்கை இல்லை, முந்தின நாள் ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. பயாஸ்லயே அதோட பேர் வரலை.

ஹார்ட் டிஸ்க்கா இருந்தா சில நேரம் முன்னாடியே 'டக் டக்'னு சத்தம் போட்டு அழும். எப்பவும் இல்லை, ஆனா பல நேரம் அழும். மோட்டாரோ போர்டோ போனாக்கூட தட்டுல தகவல் அப்படியே இருக்கும். அதைத் திறந்து எடுத்துத் தர்றவங்க இருக்காங்க, காசு நிறைய ஆகும், ஆனா நம்பிக்கை இருக்கும். எஸ்எஸ்டில கண்ட்ரோலர் சிப் போச்சுன்னா வேற கதை. தகவல் பல சிப்புகள்ல துண்டு துண்டா சிதறிக் கிடக்கும். எந்தத் துண்டு எங்கேன்னு தெரிஞ்ச ஆளே அந்தக் கண்ட்ரோலர்தான். நிறைய மாடல்ல எழுதும்போதே பூட்டும் போட்டுத்தான் எழுதும். சாவியும் அதுகிட்ட. நண்பர் ரெண்டு இடத்துல காட்டினார். ஒரு இடத்துல முடியாதுன்னாங்க. இன்னொரு இடத்துல கேமரா விலை கேட்டாங்க, அதுவும் உத்தரவாதம் இல்லாம. அந்த விசேஷத்துல பேத்தியை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த பாட்டி ரெண்டு மாசத்துல தவறிட்டாங்க. அந்த வீட்டுலருந்து "ஒரே ஒரு போட்டோவாவது இருக்கா தம்பி"ன்னு போன் வந்துக்கிட்டே இருந்துச்சாம். சொந்தக்காரங்க போன்ல எடுத்தது நாலஞ்சு கிடைச்சது. வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார். இன்னைக்கும் அந்தத் தெரு வழியா அவர் போறதில்லை.

தப்பு எஸ்எஸ்டியோடதா? ஹார்ட் டிஸ்க்கும் சாகும். பேக்பிளேஸ்னு ஒரு அமெரிக்க நிறுவனம், லட்சக்கணக்கான டிரைவ் ஓட்டுறவங்க, எத்தனை போச்சுன்னு வருஷா வருஷம் வெளியிடுறாங்க. நூறு ஹார்ட் டிஸ்க்குல வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ போகுது. எஸ்எஸ்டி எண்ணிக்கை அதைவிட மோசமா இல்லை. ஆக அடிக்கடி சாகறது எதுங்கிறது இங்கே கேள்வி இல்லை. செத்தா திரும்ப எடுக்க வழி இருக்காங்கிறதுதான் கேள்வி.

தப்பா டெலிட் பண்றதும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்குல டெலிட் பண்ணா தகவல் அங்கேயேதான் கிடக்கும், மேல வேற எதுவும் எழுதாத வரைக்கும் ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு மீட்கலாம். எஸ்எஸ்டில ட்ரிம்னு ஒரு வசதி இருக்கு. நீங்க டெலிட் பண்ணதும் சிஸ்டம் எஸ்எஸ்டிகிட்ட 'இந்த இடம் காலி'ன்னு சொல்லிடும். அதுவும் தனக்கு நேரம் கிடைக்கும்போது சுத்தமா துடைச்சு வெச்சிடும். வேகமா எழுதறதுக்கு அது தேவை. ஆனா ஷிஃப்ட் டெலிட் அடிச்சுட்டு நெஞ்சுல கை வைக்கிறவங்களுக்கு அது உதவாது.

எஸ்எஸ்டில போட்டு பீரோவுல பூட்டி வைக்கிற பழக்கமும் வேண்டாம். அடைச்சு வெச்ச எலெக்ட்ரான் மெதுவா கசியும். சூட்டுல இன்னும் வேகமா. ஜெடெக்னு தரநிர்ணய அமைப்பு ஒண்ணு இருக்கு. அவங்க கணக்குப்படி, முழுசா தேஞ்சுபோன ஒரு சாதாரண எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாம, 30 டிகிரில ஒரு வருஷம் தகவலைத் தாங்கினா போதும். புது எஸ்எஸ்டி அதைவிட ரொம்ப நாள் தாங்கும், பயப்பட வேண்டாம். ஆனா மே மாசத்துல சென்னையில பூட்டின வீட்டுக்குள்ள பீரோ 30 டிகிரிலயா இருக்கும்? பல வருஷம் சும்மா வைக்கிறதுக்கு ஹார்ட் டிஸ்க் இன்னும் தேவலை. கீழ மட்டும் போட்டுடாதீங்க, அந்த ஹெட் ஞாபகம் இருக்கட்டும்.

அதனாலதான் நான் ரெண்டுல எதுன்னு கேட்கிறவங்ககிட்ட, உங்ககிட்ட இருக்கிற காசைப் பிரிங்கன்னு சொல்றேன். 1 டிபி எஸ்எஸ்டிக்குக் காசு வெச்சிருக்கீங்களா? 500 ஜிபியா வாங்குங்க. மிச்சக் காசோட கொஞ்சம் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாசத்துக்கு ஒரு தடவை முக்கியமானதை அதுல காப்பி பண்ணுங்க. காப்பி பண்றது மூட்டை வேலை, ஹார்ட் டிஸ்க்குக்கு அது நல்லா வரும். சிசிடிவி ரெக்கார்டருக்கும் இன்னும் ஹார்ட் டிஸ்க்கே போடுறாங்கன்னா இதே காரணம்தான், இருபத்துநாலு மணி நேரமும் வரிசையா எழுதுற வேலை.

தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். எஸ்எஸ்டி வாங்குறதுக்கு முன்னாடி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருளைப் போடச் சொன்னேன். டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு ஒரே பக்கத்துல காட்டும். நீலமா வந்தா நல்லது. இவளுக்கு மஞ்சள் வந்துச்சு, எச்சரிக்கைன்னு. தட்டுல சில இடம் கெட்டுப்போய், டிஸ்க் வேற இடத்துக்கு மாத்தி மாத்தி ஒப்பேத்திக்கிட்டிருந்திருக்கு. அந்த மெதுவுக்கு அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். கடையில இதை யாரும் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தா ஒரே நிமிஷம்.

அன்னைக்கு ராத்திரியே முதல் வேலையா ஃபைலை வெளிய எடுக்கச் சொன்னேன். அவ பிராஜெக்ட், ஸ்கூல் போட்டோ எல்லாம் சரி. கூடவே 'அப்பா'ன்னு ஒரு ஃபோல்டர். சித்தப்பா வீட்டுப் பத்திரம், எல்ஐசி பேப்பர் எல்லாம் ஸ்கேன் பண்ணி அதுலதான் வெச்சிருந்திருக்கார். "வேற எங்கயாவது காப்பி இருக்கா சித்தப்பா?"ன்னேன். "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கேப்பா"ன்னார்.

அப்புறம் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. பழைய டிஸ்க் சீக்காளி, அதை அப்படியே குளோன் பண்ணா பாதியில நின்னுடும்னு, விண்டோஸைப் புதுசாவே போட்டோம். லைசென்ஸ் மதர்போர்டோட ஒட்டிக்கிட்டிருக்கிறதால தனியா காசு இல்லை. லேப்டாப்ல டிவிடி டிரைவ் இருந்துச்சு, அதை எடுத்துட்டு அந்த இடத்துல பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு கேடியில வெச்சு மாட்டலாம்னு கடைக்காரர் சொன்னார். பேருதான் கேடி, ஆள் நல்லவன். டிஸ்க் நல்லா இருந்திருந்தா நானே போடச் சொல்லியிருப்பேன். மஞ்சள் வந்த டிஸ்க்கை வெச்சு என்ன பண்ண? கழட்டி வெச்சாச்சு. சித்தப்பா தன் பங்குக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வந்தார். மொத்தச் செலவு புது லேப்டாப்புக்குக் கேட்ட நாப்பதாயிரத்துல கால்வாசிக்கும் கீழ.

போன ஞாயித்துக்கிழமை மறுபடி ஒரு வாய்ஸ் நோட்டு. "அண்ணா, இப்ப ஆன் பண்ணிட்டு டவலை எடுக்கிறதுக்குள்ள வந்துருது. குளிக்கவே டைம் தர மாட்டேங்குது."

உங்க டிஸ்க்கோட கலர் என்னன்னு பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. மஞ்சளா வந்தா கமெண்ட் அப்புறம் போடலாம், முதல்ல காப்பி எடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.